தக்காளி கிலோ 40 ரூபாய், விவசாயிக்கு எவ்வளவு? ஸ்ரீராம்புரத்தில் பருவம் பார்த்து காய்கறி வாங்குவது எப்படி?

சனிக்கிழமை காலை. ஸ்ரீராம்புரம் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து படியிறங்கி வருகிறீர்கள். தெருவோரத் தள்ளுவண்டியில் தக்காளி குவிந்திருக்கிறது. "கிலோ எவ்வளவுக்கா?" என்று தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதிலும் வரும். "நாப்பது." உடனே நம் வாயில் வருவது, "முப்பத்தஞ்சு போட்டுக்கோங்க."

அந்த ஐந்து ரூபாய் யாருடைய பையிலிருந்து வருகிறது? மீதி 35 ரூபாயில் கோலாரில் தக்காளி விளைவித்தவருக்கு எவ்வளவு போகிறது? ஐந்து ரூபாயைக் குறைப்பதைவிடப் பெரிதாக மிச்சம் பிடிக்க வழி உண்டா? வழி உண்டு. அதற்குப் பேரம் பேசத் தெரிய வேண்டாம், எந்த மாதம் எது விளைகிறது என்று தெரிந்தால் போதும். விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், தெருவோர மார்க்கெட்டும் உழவர் சந்தையும் ஒன்றா?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக பெங்களூரு வந்தவர்களுக்கு உழவர் சந்தை பழகிய பெயர். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை உள்ள விவசாயி தன் விளைச்சலைத் தானே கொண்டுவந்து விற்பார். தராசும் இடமும் அரசு தரும். அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். மொத்த விலைக்குச் சற்று மேலே, வெளிச் சந்தை விலைக்குச் சற்றுக் கீழே அது நிற்கும். நடுவில் வியாபாரி கிடையாது.

ஸ்ரீராம்புரத்தின் வண்டிக்காரர்கள் பெரும்பாலும் விவசாயிகள் அல்ல. விடியும் முன்பே மொத்த மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து, பகல் முழுக்க வெயிலில் நின்று விற்கும் சில்லறை வியாபாரிகள். அவர்கள் சொல்லும் விலைக்கு முன்னால் இரண்டு மூன்று கைகள் மாறியிருக்கும்.

பெங்களூருவில் உழவர் சந்தைக்கு நெருக்கமான ஏற்பாடு ஹாப்காம்ஸ். 1959-ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கியது. பிறகு எல்லாத் தோட்டக்கலை விளைச்சலுக்கும் விரிந்தது. தலைமையகம் லால்பாக்கில். உறுப்பினரான விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்முதல் செய்து, நகரம் முழுக்க உள்ள தன் சிறு கடைகளில் விற்கிறது. தினமும் ஒரே விலைப்பட்டியல். ஸ்ரீராம்புரத்துக்குப் பக்கத்தில் மல்லேஸ்வரம், ராஜாஜிநகர் பகுதிகளில் இந்தக் கடைகளைப் பார்க்கலாம்.

அந்த 40 ரூபாய் எங்கே போகிறது?

2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் இதற்கு ஒரு மதிப்பீடு தருகின்றன. நுகர்வோர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குப் போய்ச் சேரும் பங்கு:

- தக்காளி: சுமார் 33%
- வெங்காயம்: சுமார் 36%
- உருளைக்கிழங்கு: சுமார் 37%
- வாழைப்பழம்: சுமார் 31%
- திராட்சை: சுமார் 35%
- மாம்பழம்: சுமார் 43%

அப்படியானால் 40 ரூபாய் தக்காளியில் விவசாயிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 13 ரூபாய். மீதி 27 ரூபாயும் யாரோ ஒருவர் அடித்த கொள்ளை லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், அழுகல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அழுகல் சின்ன விஷயம் இல்லை. 2022-ல் வெளியான நாப்கான்ஸ் ஆய்வின்படி, அறுவடைக்குப் பின் வீணாவது காய்கறிகளில் வகைக்கு ஏற்ப 4.87 முதல் 11.61% வரை, பழங்களில் 6.02 முதல் 15.05% வரை.

இந்தச் சங்கிலியின் கடைசியில் நிற்பவர் வண்டிக்கார அக்கா. மாலைக்குள் விற்காத கீரை அவருக்குத்தான் நஷ்டம். பலர் தண்டல் பணம் வாங்கித்தான் காலைச் சரக்கே எடுக்கிறார்கள். இவர்களுக்காகத்தான் 2020 ஜூனில் மத்திய அரசு பிஎம் ஸ்வநிதி திட்டத்தைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் முதல் கடன் 10,000 ரூபாய் வரை. நாம் குறைக்கச் சொல்லும் ஐந்து ரூபாய் கோலார் மண்டிக்கோ லாரிக்காரருக்கோ போய்ச் சேராது. அது இவருடைய அன்றைய கூலியில்தான் குறையும்.

பேரமா, பருவமா? ஒரு சின்னக் கணக்கு

நீங்கள் இருவர் உள்ள வீடு, வாரம் ஒன்றரை கிலோ தக்காளி என்று வைத்துக்கொள்வோம். வாரா வாரம் பேரம் பேசி கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்தால் வாரத்துக்கு ஏழரை ரூபாய். வருடத்துக்கு, 52 வாரத்துக்கு, 390 ரூபாய்.

இன்னொரு வழி. தக்காளி கிலோ 100 ரூபாய் ஆகும் காலத்தில் ஆறு வாரம் மட்டும், வாரத்துக்கு ஒரு கிலோவைக் குறைத்துக்கொண்டு புளி, எலுமிச்சை, மாங்காய் என்று மாறுகிறீர்கள். மிச்சம் 600 ரூபாய். வருடம் முழுக்க வண்டிக்காரரிடம் மல்லுக்கட்டி மிச்சம் பிடித்ததைவிட இது அதிகம். பேரத்தைவிடப் பருவம்தான் பெரிய தள்ளுபடி என்பது இதனால்தான்.

நம் பாட்டிமார்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. தக்காளி இல்லாமலே வைக்கும் குழம்பு எத்தனை வகை நம் சமையலில் இருக்கிறது! பத்து நிமிட டெலிவரி ஆப்களில் எல்லாம் எப்போதும் ஒரே வரிசையில் நிற்பதால், காய்களுக்குக் காலம் உண்டு என்பதே நமக்கு மறந்துபோனது.

2023 ஜூலை சொன்ன பாடம்

நம்பாதவர்கள் 2023-ஐத் திரும்பிப் பாருங்கள். அந்த மே மாதம், மகாராஷ்டிராவின் நாசிக் பகுதியில் விலை கிடைக்காமல் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். அடுத்த இரண்டே மாதத்தில், ஜூலையில், கோலார் மண்டியில் 15 கிலோ பெட்டி 1,900 ரூபாய்க்கும் போனது. மண்டியிலேயே கிலோ 127 ரூபாய்க்கு அருகில்! கோலார் ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. ஸ்ரீராம்புரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மத்திய அரசு கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிராவில் தக்காளி கொள்முதல் செய்து, டெல்லி போன்ற நகரங்களில் கிலோ 90 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது.

ஏன் இப்படி? தக்காளி நட்டு, முதல் பறிப்புக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். விலை விழுந்த நேரத்தில் பலர் நடவைக் குறைத்தார்கள். கடும் வெயில், கோலார் பக்கம் வெள்ளை ஈ பரப்பிய நோய், பிறகு மழை என்று எல்லாம் சேர்ந்துகொண்டன. தவிர, ஜூலை–ஆகஸ்ட், அக்டோபர்–நவம்பர் இரண்டுமே வழக்கமாகவே தக்காளி வரத்து குறையும் காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அறுவடை உச்சம்.

வெங்காயத்துக்கும் இப்படி ஒரு சுழற்சி உண்டு. நாட்டின் வெங்காயத்தில் பெரும்பகுதி ரபி பயிர், ஏப்ரல்–ஜூனில் அறுவடையாகிறது. அதைச் சேமித்துவைத்துத்தான் அக்டோபர் வரை ஓட்டுகிறோம். புதுப்பயிர் வருமுன் இருப்பு கரையும் செப்டம்பர்–நவம்பரில் விலை ஏறும் என்று எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஒருவர் ஒரு கிலோ குறைத்து வாங்குவதால் மண்டி விலை மாறிவிடாது. அது உண்மைதான். ஆனால் ஊரே வரத்து அதிகமுள்ள நேரத்தில் கூடுதலாகச் சாப்பிட்டு, வரத்து இல்லாத நேரத்தில் கையைச் சுருக்கினால், ஒரு பக்கம் சாலையில் கொட்டுவதும் இன்னொரு பக்கம் 127 ரூபாய்க்குப் பறப்பதும் கொஞ்சமாவது தணியும்.

எந்த மாதம் எதை வாங்கலாம்?

பெங்களூருவைச் சுற்றி விளைவதை வைத்து ஒரு எளிய காலண்டர். மழை, வெயில் பொறுத்து இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம்.

டிசம்பர்–பிப்ரவரி: காய்கறிக்குப் பொற்காலம். தக்காளி, பச்சைப் பட்டாணி, காலிஃபிளவர், கேரட் எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் இந்த ஊரின் ராஜா அவரேகாயி, அதாவது நம் மொச்சை. பனி விழுந்த காயில் ஒரு வாசமும் லேசான எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். கன்னடத்தில் அதற்கு 'சொகடு' என்று பெயர். கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், வாசம் ஒட்டினால் நல்ல காய். மாகடி பக்கத்துக் காய்க்குத் தனி மவுசு. ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பை கன்னடர்கள் 'ஹிதுகித பேளே' என்பார்கள். கிருஷ்ணகிரி, வேலூர்க்காரர்களுக்கு அது பிதுக்குப் பருப்பு.

பிப்ரவரி–மார்ச்: திராட்சையும் தர்பூசணியும். ஹாப்காம்ஸ் இந்தச் சமயத்தில் இவற்றுக்கென்றே மேளா நடத்துவது வழக்கம். கருநீலமாக, விதையோடு, தோலைப் பிதுக்கிச் சாப்பிடும் பெங்களூர் ப்ளூ திராட்சைக்குப் புவிசார் குறியீடு உண்டு.

ஏப்ரல்–ஜூலை: மாம்பழம். ராமநகரப் பக்கத்து மாம்பழம் முதலில் வரும், கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுரத்தின் வரத்து பின்னால். 'பாதாமி' என்றால் அல்போன்சா. 'ரஸ்புரி' சாறுக்கு. தோத்தாபுரி நம் கிளிமூக்கு. பலாப்பழமும் இதே காலம். தொட்டபள்ளாப்பூர் பக்கத்துத் தூபகெரே பலா பேர்போனது. குடகிலிருந்து பட்டர் ஃப்ரூட்டும் வந்துவிடும்.

ஜூலை–செப்டம்பர்: மழைக்காலம். தக்காளி, கீரை விலை துள்ளும். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், சௌசௌ போன்ற நீர்க்காய்கள் கைகொடுக்கும். ஆகஸ்டிலிருந்து சீத்தாப்பழம்.

நவம்பர்–டிசம்பர்: புது நிலக்கடலை. கார்த்திகை மாதக் கடைசித் திங்கள்கிழமை பசவனகுடி நந்தி கோயில் பக்கம் நடக்கும் 'கடலேகாயி பரிஷே' இந்த ஊரின் பழைய அறுவடைத் திருவிழா. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், பக்கத்து மல்லேஸ்வரத்தின் காடு மல்லேஸ்வரர் கோயிலிலும் பரிஷே நடக்கிறது.

பச்சை லைன் உங்கள் காய்கறிப் பாதை

ஸ்ரீராம்புரம்வாசிகளுக்கு ஒரு வசதி. 2014 மார்ச்சில் ஸ்டேஷன் திறந்த அந்தப் பச்சை லைனிலேயே நகரின் முக்கியமான காய்கறி இடங்கள் வரிசையாக இருக்கின்றன.

- நான்காவது ஸ்டேஷன், கே.ஆர். மார்க்கெட்: 1928-லிருந்து இயங்கும் சந்தை. பூ, காய், பழம் மொத்தமாக. விடியற்காலையில் போனால்தான் பயன். மெட்ரோவின் முதல் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கலாசிபாளையம் காய்கறி மார்க்கெட்.
- அடுத்தது, நேஷனல் காலேஜ்: ஜனவரியில் நடக்கும் அவரேபேளே மேளா வி.வி.புரத்தில் பிறந்தது, சமீப வருடங்களில் நேஷனல் காலேஜ் மைதானத்துக்கு வந்திருக்கிறது. மொச்சை தோசையிலிருந்து மொச்சை ஜிலேபி வரை கிடைக்கும்.
- அதற்கடுத்தது, லால்பாக்: ஹாப்காம்ஸ் தலைமையகம். சீசனில் விவசாயிகளே விற்கும் மாம்பழ மேளாவும் இங்கேதான் வழக்கமாக நடக்கும்.
- எதிர்த் திசையில், யஷ்வந்த்புரம்: ஏபிஎம்சி யார்டு. மூட்டைக் கணக்கில் வாங்குவோருக்கான இடம்; நாலு வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் லாபம்.

வண்டி விலை நியாயமா? போனில் பார்ப்பது எப்படி?

மத்திய அரசின் அக்மார்க்நெட் இணையதளத்தில் மண்டிவாரியாக அன்றாட விலை வரும். அங்கே விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு. 'மோடல் விலை' என்ற கட்டத்தைப் பாருங்கள். அன்று அதிகம் விற்பனையான விலை அது. நூறால் வகுத்தால் கிலோ விலை. 1,800 என்றிருந்தால் மண்டியில் கிலோ 18.

18-ஐப் பார்த்துவிட்டு, வண்டியில் 35 சொல்கிறாரே என்று சண்டைக்குப் போக வேண்டாம். மேலே சொன்ன செலவெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒருநாள் விலையை விட்டு, போக்கைப் பாருங்கள். மண்டி விலை இரண்டு வாரமாக இறங்கியும் வண்டி விலை அசையவில்லை என்றால் அப்போது கேட்கலாம்: "என்னக்கா, மார்க்கெட்ல இறங்கிடுச்சாமே?" ஹாப்காம்ஸின் தினசரி விலைப்பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒப்பிட எளிது.

ஏமாறாமல் இருக்க

- தராசு: பேரத்தைவிட இதில்தான் கண் வேண்டும். கிலோவுக்கு 100 கிராம் குறைந்தால் 40 ரூபாயில் நான்கு ரூபாய் போச்சு. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் எடையளவுத் துறையின் முத்திரை வேண்டும். காய் வைக்கும் முன் திரையில் பூஜ்ஜியம் தெரிகிறதா என்று பாருங்கள்.
- கூறு: "கூறு இருபது" என்றால் ஒருமுறையாவது எடை போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு எவ்வளவு விழுகிறது என்று தெரிந்துவிடும்.
- மாம்பழம்: கால்சியம் கார்பைடால் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயு மட்டும் வரம்புக்குள் அனுமதி. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தும் காம்புப் பக்கம் வாசமே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். சீசன் தொடங்கும் முன்பே வரும் பழத்தில் இந்த ஆபத்து கூடுதல்.
- கீரை: வேரில் ஈர மண்ணோடு இருந்தால் புதுசு. தண்ணீர் தெளித்த பளபளப்பை நம்ப வேண்டாம், தண்டை ஒடித்துப் பாருங்கள்.
- அளவு: ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் காய்கறி, பழம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருவருக்கு வாரம் 5.6 கிலோ. உங்கள் பை அதைத் தாண்டினால், மீதி ஃப்ரிட்ஜில் அழுகத்தான் போகிறது. அழுகிய காய்தான் இருப்பதிலேயே விலை கூடிய காய்.

கன்னடத்தில் கேட்க

ஸ்ரீராம்புரத்தில் தமிழே போதும். மல்லேஸ்வரம் தாண்டினால் இந்தச் சொற்கள் உதவும்: எஷ்டு (எவ்வளவு), ஈருள்ளி (வெங்காயம்), பெள்ளுள்ளி (பூண்டு), பதனேகாயி (கத்தரிக்காய்), நுக்கேகாயி (முருங்கைக்காய்), ஹீரேகாயி (பீர்க்கங்காய்), ஸோரேகாயி (சுரைக்காய்), ஹாகலகாயி (பாகற்காய்), பெண்டேகாயி (வெண்டைக்காய்), சொப்பு (கீரை).

ஒரு வேடிக்கை: தமிழ்நாட்டில் சௌசௌவுக்கு 'பெங்களூர் கத்தரிக்காய்' என்று பெயர். பெங்களூருவில் அதைச் 'சீமே பதனேகாயி' என்பார்கள், அதாவது சீமைக் கத்தரிக்காய். இங்கேயும் அது வெளியூர்க் காய்தான்.

சுருக்கமாக

இந்தச் சனிக்கிழமை பட்டியல் எழுதிக்கொண்டு போகாதீர்கள். பையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தக் காய் எல்லா வண்டியிலும் குவிந்திருக்கிறதோ, அதுதான் அந்த வாரத்தின் காய். அதை ஒரு கிலோ சேர்த்தே வாங்குங்கள். எது ஒன்றிரண்டு வண்டியில் மட்டும் கொஞ்சமாக இருக்கிறதோ, அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். தராசைப் பாருங்கள். பிறகு, அக்கா சொன்ன நாற்பதையே கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் என்ன வரும்க்கா?" என்று கேளுங்கள். வாரா வாரம் மார்க்கெட் போகிறவருக்குத் தெரிந்தது எந்த ஆப்பிலும் கிடைக்காது. கூடவே இரண்டு கொத்து கறிவேப்பிலையும் பைக்குள் விழும். அதற்கு யாரும் விலை கேட்பதில்லை.